ஷூவுக்குள் கார்பன் நானோ குழாய்: கிருமி சாகும், சரி... பாலாறு?

ஷூ கடையில் இன்சோலைப் புரட்டிப் பாருங்கள். சாக்ஸ் பாக்கெட்டின் பின்பக்கம், ஜிம் பேக்கின் டேக்... எங்காவது ஓரிடத்தில் ‘ஆன்டி பாக்டீரியல்’ என்ற வார்த்தை கண்ணில் படும். கிருமி தங்காது, நாற்றம் வராது, நாள் முழுக்க ஃப்ரெஷ். இந்த வாக்குறுதிக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது வெள்ளி அல்லது துத்தநாகச் சேர்மம். அதே வேலைக்கு ஆய்வகங்களில் தயாராகிவரும் இன்னொரு போட்டியாளர், கார்பன் நானோ குழாய். பாலியூரித்தேன் மாதிரியான ஒரு பொருளில் இதைக் கொஞ்சமே கொஞ்சம் கலந்தால் போதும். அந்தப் பரப்பில் வந்து ஒட்டும் பாக்டீரியா செத்துப்போகும் என்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் பகுதியில் இந்தச் செய்தியை வேறு மாதிரி படிக்க வேண்டியிருக்கிறது. ஏன்னா, தோலைக் காப்பாற்றப் போட்ட ஒரு மருந்தால் ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்ட ஊர்கள் இவை. டேனரிக் கழிவுநீர் வழக்கில் நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்தையே மாற்றிய ஊர்களும் இவைதான்.

அது என்ன குழாய்?

பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட், கார்பன் அணுக்களால் ஆன மெல்லிய தாள்களின் அடுக்கு. அதில் ஒரே ஒரு தாளை எடுத்து, பாய் சுருட்டுவது மாதிரி சுருட்டினால் கிடைப்பது ஒற்றைச் சுவர் நானோ குழாய். ஒன்றுக்குள் ஒன்றாகப் பல குழாய்கள் இருந்தால் பல சுவர் நானோ குழாய். 1991-ல் ஜப்பான் விஞ்ஞானி சுமியோ இஜிமா வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகுதான் உலகமே இதைத் திரும்பிப் பார்த்தது.

எவ்வளவு சின்னது? ஈ.கோலை பாக்டீரியாவை ஒரு டவுன் பஸ் அளவுக்குப் பெரிதாக்கினால், ஒற்றைச் சுவர் நானோ குழாய் அந்த பஸ்ஸின் பக்கத்தில் கிடக்கும் 5 மில்லிமீட்டர் கம்பி. அந்தக் கம்பி பஸ்ஸைக் குத்துவதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

வேலூருக்கும் இந்தக் குழாய்க்கும் ஒரு சுவாரஸ்யமான தொடர்பு உண்டு. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின் உள்பக்கக் கறுப்புப் பூச்சை வேலூர் விஐடி ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். அதில் கார்பன் நானோ குழாய்கள் இருந்தன. 2020 நவம்பரில் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் இது வெளியானது. பானைகளின் காலம் கி.மு. 6-ம் நூற்றாண்டு. அதற்கு முன்பு, மனிதர்கள் செய்த பொருளில் கிடைத்த மிகப் பழைய நானோ குழாய் என்று சொல்லப்பட்டது 17-ம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் 2006-ல் கண்டது. அந்த வகை வாளுக்கான எஃகும் இந்தியாவிலிருந்து போனதுதான்.

உடனே ‘நானோ டெக்னாலஜியைத் தமிழன் அன்றே கண்டுபிடித்தான்’ என்று ஃபார்வேர்டு தட்ட வேண்டாம். பூச்சுக்குப் பயன்பட்ட தாவரச் சாறு போன்ற ஏதோ ஒன்று சூளையின் கடும் வெப்பத்தில் இப்படி மாறியிருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் ஊகம். குயவருக்கு நானோ தெரியாது. நல்ல பூச்சு தெரியும். ஆனால் இதில் நமக்கு வேண்டிய ஒரு தகவல் இருக்கிறது: அந்தப் பூச்சு 2,600 ஆண்டுகளாக உதிரவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

குத்திக் கொல்லும் வித்தை

வழக்கமான கிருமிநாசினி கரைந்து, பரவி, பாக்டீரியாவுக்குள் நுழைந்து வேலை செய்யும். நானோ குழாயின் வழி வேறு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மெனாஹெம் எலிமெலெக் குழுவினர் 2007-ல் சுத்தமான ஒற்றைச் சுவர் குழாய்களை ஈ.கோலை பாக்டீரியாவோடு சேர்த்துப் பார்த்தார்கள். குழாயை நேரடியாகத் தொட்ட செல்களின் சவ்வு சேதமாகி, உள்ளே இருந்தது வெளியே கசிந்தது. தொட்டால்தான் சாவு. இதோடு, குழாயின் பரப்பில் நடக்கும் ஆக்சிஜனேற்ற வினைகளும் செல்லைப் பதம் பார்க்கின்றன.

அதற்கும் முன்பே இந்தியாவில் இதன் இன்னொரு முகம் தெரிந்திருந்தது. வாரணாசி பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஓ.என்.ஸ்ரீவஸ்தவா குழுவும், கேரளத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் புலிக்கல் அஜயன் குழுவும் சேர்ந்து 2004-ல் நானோ குழாய்களாலேயே ஆன ஒரு வடிகட்டியைச் செய்தார்கள். பார்க்க ஒரு கறுப்பு உருளை, அவ்வளவுதான். தண்ணீரிலிருந்து ஈ.கோலையையும், வெறும் 25 நானோமீட்டர் அளவுள்ள போலியோ வைரஸையும் அது பிரித்தெடுத்தது. சாதாரண பாலிமர் வடிகட்டி சூட்டில் உருகிவிடும். இதைச் சூடாக்கிச் சுத்தம் செய்து மறுபடியும் பயன்படுத்தலாம்.

ஷூ கம்பெனிக்குப் பயன்படக்கூடிய தகவல் 2010-ல் வந்தது. அதே யேல் வளாகத்திலிருந்து. உடலில் கரையும் தையல் நூல்களுக்குப் பயன்படும் ஒரு பாலிமரில், எடையில் 2 சதவீதத்துக்கும் குறைவாக ஒற்றைச் சுவர் குழாய்களைக் கலந்தார்கள். கலக்காத பாலிமரின் மேல் ஒரு மணி நேரத்தில் 15 முதல் 20 சதவீத பாக்டீரியா செத்தது. குழாய் கலந்ததன் மேல் 98 சதவீதம் வரை. குழாய் எவ்வளவு குட்டையோ, அவ்வளவு வீரியம்.

சோதித்த இரண்டு பாக்டீரியாக்களில் ஒன்று ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். நம் எல்லோர் தோலிலும் இருப்பது. வியர்வையில் உள்ள லூசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்து ஐசோவலேரிக் அமிலம் தயாரிப்பதும் இதுதான். புரியும்படி சொன்னால், ஆபீஸ் மீட்டிங்கில் ஷூவைக் கழற்ற வேண்டி வந்தால் உங்களைத் தர்மசங்கடப்படுத்தும் அதே ஆள்.

உப்புமாவில் கட்டி தட்டாமல்...

குழாயைச் செய்வது ஒரு வேலை. அதைப் பொருளுக்குள் கலப்பது பெரிய வேலை.

செய்யும் முறைகளில் பரவலானது இது: கார்பன் உள்ள ஒரு வாயுவையோ திரவத்தையோ, இரும்பு போன்ற வினையூக்கி இருக்கும் சூடான உலைக்குள் விடுவார்கள். வெப்பத்தில் மூலக்கூறு உடைந்து, கார்பன் அணுக்கள் இரும்புத் துகளின் மேல் குழாயாக வளரும். பனாரஸ் குழு பென்சீனையும் ஃபெரோசீனையும் ஸ்பிரே செய்தே உருளையை வளர்த்தது.

உலையிலிருந்து வருவது கறுப்புப் பொடி. அதைப் பாலிமரில் கொட்டினால், ரவையைக் கொதிநீரில் ஒரேயடியாகக் கொட்டியது மாதிரிதான். கட்டி கட்டியாகத் திரளும். குழாய்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கயிறு மாதிரி பின்னிக்கொள்ளும். கட்டிக்குள் மாட்டிய குழாய் பாக்டீரியாவைத் தொடவே தொடாது, செய்த செலவு தண்டம். அதனால் நைட்ரிக், சல்ஃப்யூரிக் அமிலங்களில் ஊறவைத்து, குழாயின் மேல் தண்ணீரோடு ஒட்டும் வேதிக் குழுக்களைச் சேர்ப்பார்கள். பிறகு அல்ட்ராசவுண்ட் அதிர்வில் பிரிப்பார்கள். சிலர் குழாயின் மேலேயே வெள்ளித் துகள்களை ஒட்டவைத்து வீரியத்தைக் கூட்டுவார்கள். இப்படிப் பிரிந்து நிற்கும் குழாய்களைப் பாலிமரில் கலந்து, படலமாகவோ நுரையாகவோ நூலாகவோ இறுக்கினால் கிடைப்பதுதான் கூட்டுப்பொருள், தொழில் மொழியில் காம்போசிட்.

ஷூவில் இதற்கு மூன்று இடங்கள் உண்டு. காலுக்கு அடியில் இருக்கும் இன்சோல் நுரை. உள்பக்க லைனிங். கடைசியாக, தோலுக்கு ஃபினிஷிங் கட்டத்தில் ஸ்பிரே செய்யும் பாலியூரித்தேன் மேல்பூச்சு. கறுப்பு நிறம் ஒரு சிக்கல்தான், வெள்ளை ஸ்னீக்கருக்கு இது ஆகாது. ஆம்பூரிலிருந்து கப்பலேறும் கறுப்பு ஃபார்மல் ஷூவுக்கு அந்தக் கவலை இல்லை.

தோலுக்கும் பாக்டீரியாவுக்கும் பரம்பரைப் பகை

தோல் என்பது புரதம். மாட்டிலிருந்து உரித்த சில மணி நேரத்திலேயே பாக்டீரியா அதைச் சாப்பிட ஆரம்பித்துவிடும். டேனரியின் முதல் பாதி வேலையே இந்தச் சாப்பாட்டைத் தடுப்பதுதான். பச்சைத் தோலில் அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்பு போடுவார்கள். டேனரிக்கு வந்ததும் அந்த உப்பைக் கழுவி ஊறவைக்க வேண்டும். ஊறும் தண்ணீரிலும் கிருமி வளரும், அதற்கு ஒரு மருந்து. குரோம் ஏற்றிய ஈரத் தோல், டேனரிக்காரர்கள் சொல்லும் ‘வெட் ப்ளூ’, கிடங்கில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அதற்கு இன்னொரு மருந்து.

பாலாற்றுப் பக்கத்துக் கிணறுகள் ஏன் உப்பானது என்பதற்கு முதல் வரி இங்கேயே எழுதப்பட்டுவிட்டது. குரோமியம் பற்றி எல்லோரும் பேசுவார்கள். உப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் பயிரைக் கருக்குவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

இனி மனிதக் கால். சாதாரணக் காலுக்குப் பிரச்சினை நாற்றம்தான். நீரிழிவால் உணர்ச்சி மங்கிய காலுக்குச் சிறு கொப்புளம்கூடப் புண்ணாகி, கிருமி புகுந்து, விரலை எடுக்கும் நிலைவரை போகலாம். ‘ஆன்டி பாக்டீரியல்’ ஷூவுக்கு மருத்துவக் காரணம் சொல்பவர்கள் சுட்டிக்காட்டுவது இவர்களைத்தான்.

இதில் வேலூருக்குப் பழைய அனுபவம் உண்டு. சிஎம்சி மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் ‘அழுகுவது’ நோயால் நேரடியாக அல்ல, வலி தெரியாததால் திரும்பத் திரும்பப் படும் அடியால் என்று காட்டினார். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு, அழுத்தத்தைப் பரப்பும் மென்மையான மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு. கிருமிநாசினி அல்ல. இன்றைக்கும் அதே வரிசைதான் சரி. அளவு பொருந்தாத, அழுத்துகிற ஷூவில் எந்த நானோவைப் பூசினாலும் புண் வரத்தான் செய்யும்.

ஜெர்மனி திருப்பி அனுப்பிய பாடம்

இப்போது அந்த ‘கையைச் சுட்ட’ கதை. பென்டாகுளோரோபீனால், சுருக்கமாக பிசிபி. பூஞ்சையைக் கொல்வதில் கில்லாடி, விலையும் குறைவு. தமிழ்நாட்டு டேனரிகளில் தாராளமாகப் புழங்கியது. வேலையைச் சரியாகவே செய்தது. அதன் மேல் யாருக்கும் புகார் இல்லை.

1989 இறுதியில் ஜெர்மனி பிசிபிக்குத் தடை போட்டது. பொருளில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் உள்ளே விடமாட்டோம் என்றது. இந்தியத் தோலுக்கு அப்போது மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று ஜெர்மனி. போன சரக்குகள் சோதனையில் மாட்டின, ஆர்டர்கள் ஆடிப்போயின. டேனரிகள் அவசர அவசரமாக மாற்று மருந்துக்குத் தாவ வேண்டியிருந்தது. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமான சிஎல்ஆர்ஐ மாற்றையும் சோதனை முறையையும் சொல்லிக் கொடுக்க வேண்டிவந்தது. இந்தியாவும் பின்னர் அதைத் தடை செய்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ‘பூஞ்சை சாகிறதா?’ என்ற தேர்வில் பிசிபி பாஸ். ‘பிறகு எங்கே போகிறது? தோலில் எவ்வளவு தங்குகிறது? போட்டுக்கொள்பவர் உடம்பில் என்ன செய்கிறது?’ என்ற தேர்வில் ஃபெயில். இரண்டாவது தேர்வை இங்கே யாரும் வைக்கவில்லை, வாங்குபவர் வைத்தார். நஷ்டம் இங்கே வந்தது.

நானோ குழாய்க்கும் அதே இரண்டாவது தேர்வுதான்.

கழன்று வந்தால் யார் மூக்கில்?

நானோ குழாய் கூட்டுப்பொருளின் பெரிய கவர்ச்சியே அது கரையாது, இடத்திலேயே நின்று கொல்லும் என்பதுதான். வெள்ளியின் கதை அப்படி அல்ல. 2008-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடையில் விற்ற ‘நாற்றமில்லா’ சாக்ஸ்களை வாங்கி வெறும் தண்ணீரில் ஊறவைத்து அலசினார்கள். சில பிராண்டுகளிலிருந்து நாலு அலசலுக்குள் வெள்ளியில் பெரும்பகுதி தண்ணீருக்கு வந்துவிட்டது. சாக்ஸ் துவைத்த தண்ணீர் சாக்கடைக்குத்தானே போகும்.

கீழடிப் பூச்சு ஞாபகம் இருக்கிறதா? நன்றாகப் பிடிப்பாகிவிட்ட நானோ குழாய் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அசையாது என்பதற்கு அது சாட்சி. ஆனால் பானையை யாரும் தேய்க்கவில்லை, மடக்கவில்லை, அதில் நடக்கவும் இல்லை. ஷூ ஒவ்வோர் அடியிலும் மடங்கும், உரசும். அதைவிட முக்கியம், ஷூ ஆவதற்கு முன்பே அந்தத் தோல் படும் பாடு.

ஷூ கம்பெனிக்குள் ஒரு தோலின் பயணத்தைப் பாருங்கள். மேல்பூச்சு ஸ்பிரே பூத்தில் பனி மாதிரி அடிக்கப்படுகிறது. முதல் ஆபத்து அங்கே, பூச்சு காய்வதற்கு முன்பே. பிறகு கட்டிங். அப்புறம், அப்பரைச் சோலோடு ஒட்டுவதற்கு முன்பு ஒட்டும் ஓரத்தைச் சுரண்டுவார்கள். ‘ரஃபிங்’ என்று பெயர். பூச்சு இருந்தால் பசை பிடிக்காது என்பதால் பூச்சைத் தேய்த்து எடுப்பதே அந்த வேலையின் நோக்கம். அதாவது, நானோ குழாய் பூசிய படலம் தூளாகப் பறக்கும் ஒரு கட்டம் தொழிலிலேயே கட்டாயமாக இருக்கிறது. அந்தத் தூசிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரு தொழிலாளி. தூசியை உறிஞ்சும் மெஷின் நன்றாக ஓடினால் சரி. பை நிரம்பியும் மாற்றாமல் விட்டால்?

தோல் தூசியே சாதாரண விஷயம் இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐஏஆர்சி, தோல் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்குக் குழியில் வரும் புற்றுநோய்தான் காரணம். இதோடு நானோ குழாயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது சும்மா கேட்கும் கேள்வி இல்லை.

2008-ல் எடின்பரோவின் கென் டொனால்ட்சன் குழு எலிகளின் வயிற்றுக் குழிக்குள் பல சுவர் நானோ குழாய்களைச் செலுத்தியது. நீளமான, விறைப்பான குழாய்கள் ஆஸ்பெஸ்டாஸ் நார் செய்வது மாதிரியே அழற்சியையும் கட்டிகளையும் உண்டாக்கின. குட்டையான, சுருண்ட குழாய்கள் அப்படிச் செய்யவில்லை. 2014-ல் ஐஏஆர்சி கூடிப் பேசி, எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற ஒரு வகையை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. மற்ற வகைகளுக்கு முடிவு சொல்லச் சான்று போதவில்லை என்றது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2013-ல் பரிந்துரைத்த வரம்பு: 8 மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியாக 1 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அது. அதை அளக்கவே தனிக் கருவி வேண்டும்.

இதில் நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. யேல் சோதனையில் பாக்டீரியாவை அதிகம் கொன்றவை குட்டைக் குழாய்கள். எடின்பரோ சோதனையில் குறைவாகத் தீங்கு செய்தவையும் குட்டைக் குழாய்கள். ஒன்று ஒற்றைச் சுவர், இன்னொன்று பல சுவர் என்பதால் இரண்டையும் அப்படியே கூட்டிக் கணக்குப் போட முடியாது. ஆனால் எந்தத் திசையில் தேட வேண்டும் என்பது தெரிகிறது.

கொல்லக் கூடாத பாக்டீரியா

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான். தோல் பகுதியின் கழிவுநீரைச் சுத்தம் செய்வது யார்? பாக்டீரியாதான்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என எல்லா இடத்திலும் டேனரிகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. டேனரிகளிலிருந்து வரும் தண்ணீர் அங்கே காற்றூட்டும் தொட்டிக்குள் போகும். அதில் கோடானுகோடி பாக்டீரியா சேற்று நிறத்தில் மிதந்துகொண்டிருக்கும். புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் தின்று தீர்ப்பது அவைதான். அதற்குப் பிறகுதான் சவ்வு வடிகட்டி, ஆவியாக்கும் கொதிகலன் எல்லாம். அந்த பாக்டீரியா சோர்ந்துபோனால் அடுத்தடுத்த கட்டங்கள் எல்லாம் திணறும்.

இப்போது மேல்நிலையில் ஒரு ஃபினிஷிங் யூனிட், ஸ்பிரே பூத்தைக் கழுவிய தண்ணீரை அதே குழாயில் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரில் இருப்பது, தொட்டாலே பாக்டீரியாவைக் கொல்வதற்கென்று வடிவமைத்த ஒரு பொருள். சுத்திகரிப்புத் தொட்டிச் சேற்றில் பல சுவர் நானோ குழாய்களைக் கலந்து 2010-ல் செய்த ஆய்வகச் சோதனையில், அளவு கூடக் கூட பாக்டீரியாவின் சுவாச வேகம் குறைந்தது. சேற்றுத் திரளில் குழாய்கள் சிக்கிக்கொள்வதால் பாதிப்பு ஓரளவு மட்டுப்படும் என்பதும் உண்மை. ஆனால் சிக்கிய குழாய் எங்கே போகும்? கசடாக அடியில் தங்கும்.

கசடு என்ற சொல் ராணிப்பேட்டையில் சாதாரணமாகக் காதில் விழாது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் அங்குள்ள சிப்காட் வளாகத்தில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். அதே ஊரில், மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு மலையாகக் கிடந்த கதையும் எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே இருக்கும் கசடுக்கே வழி தேடிக்கொண்டிருக்கும் இடத்தில், மக்காத இன்னொரு பொருளைச் சேர்ப்பதற்கு முன் நாலு முறை யோசிக்கத்தான் வேண்டும்.

வேலூர் பெயரில் ஒரு சட்டம்

இங்கேதான் சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் படிக்கும் அந்த வழக்கு வருகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த பொதுநல வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. டேனரிகள் இருக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்குத் தகுதியற்றுப் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதோடு, முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது அந்தத் தீர்ப்புதான்.

எளிமையாகச் சொன்னால்: தீங்கு வரும் என்ற அறிகுறி இருக்கும்போது, அறிவியல் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை என்பது சும்மா இருக்கக் காரணம் ஆகாது. தீங்கு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் செய்பவர் தலையில். பாதிக்கப்படுபவர் தலையில் அல்ல.

அறிவியல் இன்னும் முடிவு சொல்லாத பொருள் என்றால் அதற்கு நானோ குழாயைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம். தீர்ப்பு வந்து 30 வருடங்கள் ஆகப்போகிறது. பாலாறு தெளிந்துவிட்டதா என்றால், 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் அதே வேலூர் மாவட்டத் தோல் தொழில் மாசு குறித்து மறுபடியும் உத்தரவு போட்டு, இழப்பீட்டையும் கண்காணிப்புக் குழுவையும் பற்றிப் பேச வேண்டியிருந்தது. பதில் அதிலேயே இருக்கிறது.

அதற்காக நானோ கார்பன் என்றாலே கெட்டது என்று கதவைச் சாத்தவும் தேவையில்லை. சிஎல்ஆர்ஐ ஆய்வாளர்கள் அஜயன் குழுவோடு சேர்ந்து 2012-ல், தோல் தொழிலில் வீணாகும் கொலாஜன் கழிவைச் சூடாக்கி, வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கான நானோ கார்பனாக மாற்றினார்கள். அதை பேட்டரி போன்ற மின்சக்திப் பயன்பாடுகளுக்குக் கொண்டுபோகும் யோசனை அது. குப்பையை எடுத்துப் பொருளாக்குவது ஒன்று, பொருளைத் தேய்த்துக் குப்பையாக்குவது வேறொன்று.

லேபிளில் என்ன தேடுவது?

ஐரோப்பாவுக்குப் போகும் ஆம்பூர் ஷூவில் ‘ஆன்டி பாக்டீரியல்’ என்று எழுதினாலே அது வெறும் ஷூ இல்லை. 2013 செப்டம்பர் முதல் அமலில் இருக்கும் ஐரோப்பிய உயிர்க்கொல்லிப் பொருள் விதிப்படி, ‘மருந்து சேர்த்த பொருள்’. எந்த மருந்து என்று லேபிளில் பெயர் சொல்ல வேண்டும். அது நானோ அளவில் இருந்தால் பக்கத்திலேயே ‘நானோ’ என்று எழுத வேண்டும். அந்த மருந்து அங்கே அனுமதி பெற்றதாகவோ பரிசீலனையில் உள்ளதாகவோ இருக்க வேண்டும். பிசிபி காலத்தில் இல்லாத ஒரு வசதி இது, ஆர்டர் போன பிறகு அல்ல, போடும் முன்பே பிரச்சினை தெரிந்துவிடும். ஸ்வீடனைச் சேர்ந்த கெம்செக் என்ற அமைப்பு 2019-ல் கார்பன் நானோ குழாய்களைத் தவிர்க்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. பெரிய பிராண்டுகளின் கொள்முதல் ஆட்கள் அந்தப் பட்டியலைப் பார்க்கிறவர்கள்.

ஷூ பாகங்களின் கிருமி எதிர்ப்பைச் சோதிக்க ஐஎஸ்ஓ 16187 என்ற தரமுறை இருக்கிறது. துண்டின் மேல் பாக்டீரியாவை விட்டு, குறிப்பிட்ட நேரம் கழித்து எத்தனை மிச்சம் என்று எண்ணுவார்கள். ‘99 சதவீதம் கொல்லும்’ என்ற வாசகங்கள் இந்த மாதிரிச் சோதனையிலிருந்துதான் வருகின்றன. அது முதல் தேர்வு மட்டுமே.

இரண்டாவது தேர்வுக்குத் தேவையான மெஷின் புதிதாக எதுவும் வேண்டாம். தோலின் சாயம் துணியில் ஒட்டுகிறதா என்று பார்க்கத் துணியை வைத்துத் திரும்பத் திரும்பத் தேய்க்கும் கருவி தோல் சோதனைக் கூடங்களில் சர்வசாதாரணம். நானோ பூசிய தோலை அதில் போட்டுத் தேய்த்து, அந்தத் துணியையும் விழுந்த தூளையும் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாம். கீழடி ஓட்டைப் பார்த்தது மாதிரியேதான். ஆம்பூரிலிருந்து வேலூர் 50 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே.